பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்: யாழ்ப்பாணத்தில் தினமும் நடக்கப் புறப்படுபவருக்கு

எங்கள் வீட்டுப் படலையிலிருந்து சந்திக் கடைக்கு அறுநூறு மீற்றர் தூரம் இருக்கும். பாண் வாங்கவும் பத்திரிகை எடுக்கவும் அந்தத் தூரத்தை நான் பல ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளிலேயே போய்வந்தேன். ஐம்பத்திரண்டாவது வயதில் செய்த பரிசோதனையில் வெறும் வயிற்றுக் குருதிக் குளுக்கோசு 118 என்று வந்தபோது, “இது இன்னும் நீரிழிவு இல்லை, ஆனால் அதன் வாசற்படியில் நிற்கிறீர்கள். மாத்திரைக்கு முதல் உங்கள் கால்களைப் பாவித்துப் பாருங்கள்” என்று வைத்தியர் சொன்னார். பயம் பிடித்துவிட்டது. மறுநாள் விடியவே, வீட்டில் கிடந்த தேய்ந்த இறப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, கொக்குவிலிலிருந்து நல்லூர் வரை போய்த் திரும்பி ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக நடந்தேன். அப்படியே ஒரு கிழமை நடந்தேன். ஒன்பதாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை நிலத்தில் ஊன்றியபோது குதிக்காலில் ஆணி ஏறியதுபோல வலித்தது. அதன்பின் இரண்டு மாதங்கள் நடக்கவே முடியவில்லை.

இந்தக் கட்டுரை என்னைப்போல அவசரப்பட்டுத் தொடங்கி, வலி கண்டு நிறுத்தி, “நடை எனக்குச் சரிவராது” என்று முடிவு கட்டிவிடக் கூடியவர்களுக்காக எழுதப்படுகிறது. முதல் மூன்று கிழமையும் உங்களால் இயன்றதைவிடக் குறைவாகவே நடக்க வேண்டும். ஆனால் ஒரு நாளும் விடாமல் நடக்க வேண்டும். இந்த இரண்டையும் கைக்கொண்டவர்கள் நிலைத்து நடப்பதையும், தூரத்தைப் பெரிதாக எடுத்தவர்கள் இடையில் விட்டுவிடுவதையும் கடந்த ஒன்பது ஆண்டுகளாக எங்கள் ஊர் வீதிகளில் பார்த்துவருகிறேன்.

ஏன் தினமும் நடக்க வேண்டும்

நடை நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் கிழமைக்கு ஒருமுறை நீண்ட நடை போதாது, ஏன் தினமும் வேண்டும் என்பதைத்தான் யாரும் விளக்குவதில்லை. தொடையிலும் பிட்டத்திலும் கெண்டைக்காலிலும் இருப்பவை உடலின் மிகப் பெரிய தசைகள். அவை சுருங்கி விரியும்போது, குருதியிலுள்ள குளுக்கோசை உள்ளே எடுத்துச்செல்லும் காவிப் புரதங்கள் தசைக்கலத்தின் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன. வழக்கமாக இந்த வேலைக்கு இன்சுலினின் கட்டளை தேவை. ஆனால் தசை இயங்கும் நேரத்தில் அந்தக் கட்டளை இல்லாமலே அது நடைபெறுகிறது. அதனால்தான் இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாத ஒருவருக்கும் நடை பயன் தருகிறது. நடந்து முடிந்த பின்னரும் தசைகள் இன்சுலினுக்கு நன்றாகப் பதிலளிக்கும் நிலை சில மணித்தியாலங்கள் முதல் ஒன்றிரண்டு நாட்கள் வரை நீடித்து, பிறகு தேய்ந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததன் பயன் புதன்கிழமைக்கு மிஞ்சாது.

எங்களைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களிடம் இது எவ்வளவு தூரம் பயன்படும் என்பதைச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2006 இல் வைத்தியர் ஏ. இராமச்சந்திரனும் குழுவினரும் வெளியிட்ட அந்த ஆய்வில், உணவைத் திருத்திக்கொண்டு தினமும் அரை மணித்தியாலம் விறுவிறுப்பாக நடக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. குருதிச் சீனியைக் குறைக்கும் மெற்போமின் மாத்திரை எடுத்தவர்களிலும் குறைவு ஏறத்தாழ அதே அளவுதான்: 26.4 சதவீதம். மாத்திரையைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. வைத்தியர் எழுதித் தந்ததை நிறுத்தவும் கூடாது. சோற்றையும் புட்டையும் இடியப்பத்தையும் மூன்று வேளையும் உண்ணும் எங்களுக்கு நடையும் ஒரு மருந்தின் எடையுடையது என்பதற்காகவே சொல்கிறேன்.

இதயத்துக்கு வருவோம். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் நாளங்களைப் பிழிந்து, காலில் தேங்கும் குருதியை மேலே அனுப்புகின்றன. நாள் முழுவதும் கதிரையில் இருப்பவர்களின் கணுக்கால் மாலையில் வீங்குவது இந்தப் பிழிவு நடைபெறாததால்தான். குருதி விரைந்து ஓடுகையில் குழாய்களின் உட்சுவர் தளர்ந்து கொடுக்கப் பழகுகிறது. தொடர்ந்து நடப்பவர்களின் குருதியமுக்கம் சில புள்ளிகள் இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். 1953 இல் ஜெரி மொறிஸ் என்ற வைத்தியர் இலண்டன் பஸ்களில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நாள் முழுவதும் இருக்கையில் இருந்த சாரதிகளைவிட, இரண்டு தட்டுப் பஸ்ஸில் படியேறி இறங்கிய நடத்துனர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது தெரியவந்தது. அந்த நடத்துனர்கள் உடற்பயிற்சி என்று எதையும் செய்தவர்கள் அல்லர். வேலை அவர்களை நடக்க வைத்தது, அவ்வளவுதான்.

முழங்காலைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு தவறான எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது: தேய்ந்த முழங்கால் நடந்தால் இன்னும் தேயும் என்பது. மூட்டின் குருத்தெலும்புக்குக் குருதிக்குழாய்கள் கிடையாது. அது அழுந்தி விடுபடும்போதுதான், பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. நடக்காத முழங்கால் ஊட்டமும் இழக்கிறது. அதைத் தாங்கும் தொடைத் தசையும் மெலிகிறது. மூட்டு சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும் நாட்களில் ஓய்வு கொடுக்கலாம். மற்றைய நாட்களில் மெதுவாகவேனும் நடப்பதே மூட்டுவாதக்காரருக்கும் சொல்லப்படும் அறிவுரை.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்களுக்கு ஒரு கிழமையில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் தேவை. அதாவது நாளுக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள். ஒரே தடவையில் பத்து நிமிடமேனும் தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையை அந்த வழிகாட்டல் நீக்கிவிட்டது. சந்திக் கடைக்குப் போகும் ஏழு நிமிடமும் இப்போது கணக்கில் வரும்.

புறப்படுமுன்

நாற்பது வயதைத் தாண்டியவர்களும், குருதியமுக்கம், நீரிழிவு, இதய நோய் உள்ளவர்களும், நீண்ட காலம் உடலை அசைக்காமல் இருந்தவர்களும் முதலில் தங்கள் குருதியமுக்கத்தையும் குளுக்கோசையும் பார்த்துக்கொள்வது நல்லது. அரச வைத்தியசாலைகளில் தொற்றா நோய்களுக்கான இப்பரிசோதனைகளை இலவசமாகச் செய்துகொள்ளலாம். கிளினிக்குக்குச் செல்பவர்கள் அடுத்த தடவை போகும்போது, “நான் தினமும் பத்து நிமிடம் நடக்கத் தொடங்கப் போகிறேன்; ஏதேனும் கவனிக்க வேண்டுமா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, தலை சுற்றி வியர்த்துக் கொட்டினாலோ, வழமைக்கு மாறாக மூச்சு முட்டினாலோ அந்த இடத்திலேயே நின்று அமர்ந்துகொள்ள வேண்டும். ஓரிரு நிமிடங்களில் தணியாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தணிந்துவிட்டாலும் அன்றே வைத்தியரைக் காண வேண்டும். “வாய்வு பிடித்தது” என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பவர்களை நான் அறிவேன், அது ஆபத்தானது. இன்னொரு அடையாளமும் உண்டு: சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றவுடன் மறைந்து, மீண்டும் நடந்தால் அதே தூரத்தில் திரும்பி வந்தால், காலுக்குப் போகும் குருதிக்குழாய் ஒடுங்கியிருக்கலாம். புகைபிடிப்பவர்களும் நீண்டகால நீரிழிவுக்காரரும் இதைத் தசைப்பிடிப்பு என்று தள்ளிவிடக் கூடாது.

காலில் போடுவது

விலை கூடிய சப்பாத்து தேவையில்லை. குதிப் பகுதி தடிப்பாகவும் முன்பகுதி மட்டும் வளையக் கூடியதாகவும் இருந்தால் போதும். நடுவில் துணிபோல மடிந்துவிடும் சப்பாத்து வேண்டாம். மாலையில் போய் வாங்குங்கள், ஏனெனில் பகல் முழுவதும் நின்று நடந்த கால் மாலையில் சற்றுப் பெருத்திருக்கும். காலையில் பொருந்திய அளவு மாலையில் இறுகும். மிக நீண்ட விரலுக்கும் சப்பாத்தின் நுனிக்கும் இடையில் கட்டைவிரல் அகலம் இடைவெளி இருக்க வேண்டும். சப்பாத்துப் பழக்கமில்லாதவர்கள், குதிக்காலைப் பிடித்து வைத்திருக்கும் பின்பட்டியுள்ள செருப்பை அணியலாம். விரலிடுக்கில் மட்டும் நிற்கும் இறப்பர்ச் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் அதை இறுக்கிப் பிடிக்கின்றன, தேய்ந்த அடிப்பகுதியோ குதிக்காலைத் தாங்குவதில்லை. என் குதிக்கால் வலிக்கு இவையும் காரணம் என்று பின்னர் அறிந்துகொண்டேன்.

எங்கே, எப்போது

எங்கள் குடாநாடு தட்டையான சுண்ணக்கல் நிலம். ஏற்றமும் இறக்கமும் இல்லாததால் புதிதாக நடப்பவருக்கு இதைவிட இணக்கமான தரை கிடையாது. குறை என்னவென்றால் வெயிலும் வாகனமும்தான்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு நல்லூர்க் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகள் விடியற்காலையில் நன்றாக இருக்கும். ஆரியகுளத்தைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. கோட்டைப் பக்கம் முற்றவெளியும் பண்ணைக் கடற்கரையும் உண்டு. பண்ணையில் நிழல் கிடையாது என்பதால் வெயில் ஏறுமுன் அல்லது வெயில் சாய்ந்த பின்னரே போக வேண்டும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அங்கே காற்று வலுவாக இருக்கும். களைப்பில்லாத முதற்பாதியில் காற்றுக்கு எதிராக வேலணைப் பக்கமாக நடந்து, திரும்பும்போது காற்று முதுகைத் தள்ள வருவது எளிது. இதைத் தலைகீழாகச் செய்தவர்கள் பாதி வழியில் ஓட்டோ பிடித்து வீடு திரும்பியதைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் நடப்பதற்காக நகரத்துக்கு வர வேண்டும் என்று நினைக்காதீர்கள். வாகனத்தில் போய்ச் சேர்ந்துதான் நடக்க வேண்டிய இடம், இரண்டாவது மாதத்தில் கைவிடப்படும் இடம். ஒவ்வொரு குறிச்சியிலும் ஒரு கோவில் இருக்கிறது. அதன் வெளிவீதி வாகனமில்லாத, அகலமான, மணல் பரப்பிய சுற்றுப்பாதை. பெண்கள் தனியாக நடக்கத் தயங்கும் இடங்களில்கூட, கோவில் வீதியில் நான்கு பேர் இருக்கும் நேரம் பார்த்து நடப்பது யாருக்கும் உறுத்தலாக இருப்பதில்லை. ஒரு சுற்றுக்கு எத்தனை அடி என்று ஒருமுறை எண்ணி வைத்துக்கொண்டால் பிறகு சுற்றுக்களை மட்டும் எண்ணினால் போதும். அதுவும் இயலாதவர்களுக்கு வீட்டு வளவே போதுமானது. கிணற்றடியிலிருந்து படலை வரை, படலையிலிருந்து கிணற்றடி வரை என்று நடந்தே தன் சீனி வருத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஒரு அக்கா எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார்.

நேரத்தைப் பொறுத்தவரை, பங்குனியிலிருந்து ஆவணி வரை காலை எட்டு மணிக்குப் பின்னும் மாலை ஐந்து மணிக்கு முன்னும் திறந்த வெளியில் வேகமாக நடக்க வேண்டாம். எங்கள் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை எளிதில் உலராததால் உடல் சூட்டை வெளியேற்றச் சிரமப்படும். புறப்படுமுன் ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் உப்பு அளவாகப் போட்ட மோர் நல்லது. குருதியமுக்கம் உள்ளவர்கள் உப்பில்லாமல் குடிக்கலாம். சிறுநீரக நோயோ இதயப் பலவீனமோ காரணமாக நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டிருந்தால் வைத்தியர் சொன்ன அளவே சரி. மார்கழி, தை மாதப் பனியில் இழுப்பு வருபவர்கள் விடியலைத் தவிர்த்து, ஏழு மணிக்குப் பின் இளவெயிலில் நடப்பது பாதுகாப்பானது.

முதல் ஆறு கிழமைகள்

முதற்கிழமை, நாளுக்கு பத்து நிமிடம் மட்டும். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் ஒரு திசையில் நடந்து, திரும்பி வந்துவிடுங்கள். “இவ்வளவுதானா?” என்று தோன்றும், இன்னும் நடக்க ஆசை வரும். அந்த ஆசையோடேயே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், அதுதான் மறுநாள் உங்களை வெளியே அழைத்துவரும். இதயமும் மூச்சும் ஒன்றிரண்டு கிழமைகளில் பழகிவிடும். தசைநார்களும் பாதத்தின் அடிப்பட்டையும் பழகுவதற்குப் பல கிழமைகள் ஆகும். மூச்சு சொல்வதைக் கேட்டு நடப்பவரைக் கால் பிறகு தண்டிக்கிறது. எனக்கு நடந்தது அதுதான்.

இரண்டாம் கிழமை அதே பத்து நிமிடத்தைக் காலையில் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று இரண்டாக்குங்கள். மூன்றாம் கிழமையிலும் அதையே தொடருங்கள். நான்காம் கிழமையிலிருந்து காலை நடையை மட்டும் கிழமைக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டினால், ஆறாம் கிழமையில் காலை இருபத்தைந்து நிமிடமும் இரவு பத்து நிமிடமும் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவை அப்போது நீங்கள் தாண்டியிருப்பீர்கள். ஏதேனும் ஒரு கிழமையில் கூட்டியது கடினமாக இருந்தால் வெட்கப்படாமல் முந்திய கிழமையின் அளவுக்குத் திரும்பிவிடுங்கள்.

நடக்கும் முறையில் சிக்கல் ஒன்றுமில்லை. பார்வை பத்துப் பதினைந்து மீற்றர் முன்னால் இருக்கட்டும். கைகள் இயல்பாக வீசட்டும். குதிக்கால் முதலில் பதிந்து பெருவிரலால் தள்ளி எழட்டும். கைத்தொலைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தால் கழுத்தும் நாரியும் வலிக்கும். முதல் மூன்று நிமிடமும் கடைசி இரண்டு நிமிடமும் மெதுவாக நடப்பதே உடலைச் சூடேற்றுவதற்கும் தணிப்பதற்கும் போதும். குதிக்காலில் வலி தொடங்கினால், காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் துவாய் ஒன்றைப் பாதத்தின் முன்பகுதியில் போட்டு, முழங்காலை நீட்டியபடி உங்கள் பக்கமாக அரை நிமிடம் இழுத்துப் பிடியுங்கள். இதை மூன்று நான்கு தடவை செய்துவிட்டு நிலத்தில் கால் வைத்தால் முதலடி அவ்வளவு வலிக்காது.

வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், தேவாரம் பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே மிதமான வேகம். எண்ணிப் பார்க்க விரும்பினால் பதினைந்து விநாடியில் இருபத்தைந்து அடி, அதாவது நிமிடத்துக்கு நூறு அடி வருகிறதா என்று பாருங்கள். முதல் மூன்று கிழமையும் இந்தக் கணக்கு வேண்டாம்.

பத்தாயிரம் அடி என்ற இலக்கம் உங்களை அச்சுறுத்த வேண்டியதில்லை. 1965 இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு வைத்த பெயர் ‘மன்போ-கெய்’. பத்தாயிரம் அடி அளவி என்பது அதன் பொருள். வைத்திய ஆய்வின் முடிவாக அது வரவில்லை. சராசரி 72 வயதுள்ள பெண்களிடம் செய்யப்பட்டு 2019 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்குப் பின் மேலதிகப் பயன் பெரிதாகக் கூடவில்லை. வீட்டு வேலையில் வைக்கும் அடிகளும் இதில் சேரும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம்

ஒரு நாளில் ஒரேயொரு பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால், அதை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். நியூசிலாந்தின் ஒற்றாகோ பல்கலைக்கழகத்தினர் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுள்ளவர்கள் விரும்பிய நேரத்தில் ஒரேயடியாக முப்பது நிமிடம் நடந்தபோதிருந்ததைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பின்னான குளுக்கோசு 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அந்தக் குறைவு 22 சதவீதம். எங்கள் வீடுகளின் நிலை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது: இரவில் புட்டோ இடியப்பமோ வயிறு நிறைய உண்டு, அப்படியே தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, அங்கிருந்து கட்டிலுக்குப் போகிறோம். தின்ற மாவு குருதியில் சீனியாக ஏறும் நேரத்தில் அதை எரிக்க வேண்டிய தசைகள் சாய்மனைக் கதிரையில் கிடக்கின்றன. கை கழுவியதும் வளவுக்குள் பத்துச் சுற்று நடப்பதற்குச் சப்பாத்தோ வெளிச்சமான வீதியோ தேவையில்லை. பூச்சி புழு தெரிய ஒரு டோர்ச் வெளிச்சம் இருந்தால் போதும். வேகமாக நடக்கத் தேவையில்லை. குடும்பமாக நடந்தால் பிள்ளைகளின் கதையும் காதில் விழும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

இன்சுலின் போடுபவர்களும், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது, ஏனெனில் சீனி சட்டென்று இறங்கிவிடலாம். கை நடுக்கம், திடீர் வியர்வை, கடும் பசி, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். சட்டைப் பையில் ஒரு சிறு பொதி சீனியோ குளுக்கோசோ எப்போதும் இருக்கட்டும். அறிகுறி தெரிந்ததும் மூன்று தேக்கரண்டி அளவை உட்கொண்டு, கால் மணித்தியாலம் அமர்ந்திருந்து, சரியாகாவிட்டால் மீண்டும் அதே அளவை எடுக்க வேண்டும். மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

கால்களைத் தினமும் பார்க்க வேண்டும். நீண்டகால நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துவிடும். முள் ஏறியதும் சப்பாத்து உரசியதும் தெரியாது. கோவில் வெளிவீதியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. உணர்ச்சி குறைந்த காலோடு சுடுமணலிலும் குறுணிக் கல்லிலும் வெறுங்காலாக நடந்து, அந்தக் கொப்புளம் புண்ணாகி, விரலை இழந்த ஒருவர் என் உறவில் இருக்கிறார். பக்தி குறைந்துபோகுமே என்று யாரும் வருந்த வேண்டாம். உள்ளே போகும்போது கழற்றலாம், வெளியில் நடைப்பயிற்சி செய்யும்போது அணிந்துகொள்ளுங்கள். இரவில் படுக்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நாய், வாகனம், மழை

எங்கள் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், நடப்பவர் வலப்பக்க ஓரமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும். விடியற்காலையில் மணல் ஏற்றிய டிப்பர்கள் விரையும் பெருவீதிகளை விட்டு உள்ளொழுங்கைகளால் நடப்பதே நல்லது. வெள்ளை அல்லது வெளிர்நிறச் சட்டை அணியுங்கள். இருளில் கறுப்புச் சட்டைக்காரர் சாரதிக்குத் தெரிவதில்லை.

தெருநாய்களால் நடையை நிறுத்தியவர்கள் பலர். நாய் குரைத்து வந்தால் ஓடாதீர்கள். நின்று, கண்ணை நேராகப் பார்க்காமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். கையில் ஒரு குடையோ பொல்லோ இருந்தால் அதைத் தாழப் பிடித்தாலே பெரும்பாலும் விலகிவிடும். கடித்துவிட்டாலோ பல் கீறிவிட்டாலோ, சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரையான மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அந்த நீரால்தான் வருகிறது. டெங்கு நுளம்பு விடியலிலும் பொழுதுசாயும் நேரத்திலும் கடிப்பதால் நீளமான உடுப்பு நல்லது. கொட்டும் நாட்களில் விறாந்தையிலும் ஹோலிலும் நடக்கலாம். பத்து நிமிடம்தானே.

மூத்தவர்கள்

என் அம்மாவை நடக்க அழைத்தபோது, “நான் நடந்தது காணும் தம்பி” என்றார். 1995 ஐப்பசி 30 இல் வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து, ஓரிரவில் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சி நோக்கி நடந்ததை அவர் கால்கள் மறக்கவில்லை. அந்தத் தலைமுறைக்கு நடை என்பது இழப்போடும் இல்லாமையோடும் சேர்ந்த சொல். அவர்களிடம் உடற்பயிற்சி என்று பேசி வற்புறுத்துவது சரியல்ல என்பதை நான் மெதுவாகத்தான் விளங்கிக்கொண்டேன். “கோவிலடிக்குப் போய்வருவம், வாங்கோ அம்மா” என்று கையைப் பிடித்தபோது வந்தார்.

அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு விழாமல் இருப்பதே முதற்காரியம். நடையோடு, குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பதையும், கையூன்றாமல் கதிரையிலிருந்து எட்டுப் பத்துத் தடவை எழுந்து இருப்பதையும் கிழமைக்கு மூன்று நாள் செய்தால் தொடைக்கு வலுவும் உடலுக்குச் சமநிலையும் வரும். நடை மட்டும் இவ்விரண்டையும் முழுமையாகத் தராது. பொல்லு ஊன்றி நடப்பதில் குறைவு ஏதுமில்லை. வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் அதைப் பிடிக்க வேண்டும்.

எடை

எடை குறைக்கவென்று மட்டும் நடப்பவர்கள் ஏமாற்றமடைகிறார்கள். எழுபது கிலோ எடையுள்ளவர் அரை மணித்தியாலம் விறுவிறுப்பாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 120 கிலோகலோரி. வீட்டுக்கு வந்து சீனி போட்ட பால்மாத் தேநீரும் இரண்டு விசுக்கோத்தும் எடுத்தால் அது திரும்பிவிடும். எடை இறங்காத மாதத்திலும் குருதியமுக்கமும் குளுக்கோசும் இறங்கும், நித்திரையும் நன்றாக வரும். தராசைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

ஆறு கிழமைகளுக்குப் பின்

மலையில்லாத குடாநாட்டில் உடலுக்கு மேலும் வேலை கொடுக்க எளிய வழி வேகத்தை மாற்றுவது. ஜப்பானின் சின்சு பல்கலைக்கழகத்தினர் நடுத்தர வயதினரிடமும் முதியவர்களிடமும் சோதித்த முறை எங்கள் தட்டை வீதிகளுக்கு மிகப் பொருத்தமானது: மூன்று நிமிடம் விரைவாக, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து தடவை, கிழமைக்கு நான்கு நாள். ஒரே வேகத்தில் நடந்தவர்களைவிட இவர்களுக்குத் தொடை வலுவும் மூச்சுத் திறனும் கூடியதோடு குருதியமுக்கமும் நன்றாக இறங்கியது. விரைவான மூன்று நிமிடத்தில் ஒரு வசனத்துக்குமேல் பேச முடியாதிருக்க வேண்டும். இதய நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடங்கக் கூடாது.

காய்ச்சல், செத்தவீடு, பரீட்சை, கலியாணம் என்று நடை அறுந்துபோகும் காலங்கள் எல்லோருக்கும் வரும். ஒரு கிழமைக்குள் என்றால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு கிழமைக்கு மேலானால் முன்னர் நடந்த நேரத்தில் பாதியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேலானால் மீண்டும் முதற்கிழமையின் பத்து நிமிடம். திரும்பத் தொடங்குவதற்கு ஒரு நாள் தேடுபவர்களுக்கு எங்கள் ஆண்டிலேயே வசதியான தவணைகள் உண்டு: மார்கழியில் சங்கும் சேமக்கலமும் விடியலில் எழுப்பிவிடும் திருவெம்பாவையின் பத்து நாட்கள், கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரையான நல்லூரின் இருபத்தைந்து நாட்கள். குசினிச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நடந்த நாளுக்கு ஒரு புள்ளடி போட்டு, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாள்களையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவைத் தீர்மானிக்க அவருக்கு அது உதவும்.